மரங்களுக்காகப் போட்ட சாலை

பின்லாந்தின் தென்கிழக்குப் பகுதியில் பரந்து கிடக்கும் சைமா ஏரியை யாரும் ஒரே பார்வையில் முழுவதுமாகப் பார்த்துவிட முடியாது. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள அந்த ஜலப்பரப்பில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடப்பதால், எந்தக் கரையில் நின்று நோக்கினாலும் எதிரே ஒரு தீவோ, தண்ணீருக்குள் நீண்ட ஒரு நிலமுனையோ, பைன் மரங்கள் அடர்ந்த மறுகரையோ வந்து கண்ணை மறித்துவிடுகிறது. அதற்கப்பால் மறுபடியும் தண்ணீர், அதற்கும் அப்பால் மறுபடியும் காடு என்று, நிலமும் நீரும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் பின்னிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட பிரதேசத்தில் காரில் செல்கிறவன் பாலங்களைக் கடந்து ஊர்களைச் சேர்ந்துவிடுகிறானே ஒழிய, ஏரியையும் காட்டையும் அவன் ஜன்னல் கண்ணாடி வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறான். நடந்து செல்கிறவனுக்கோ தூரம் பெரிய தடை. இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிறது. அதுவும் தார் போட்ட பெருஞ்சாலையை ஒதுக்கிவிட்டு, சரளை பரப்பிய காட்டுச் சாலைகளிலேயே மிதித்துப் போகத் துணிகிறவனுக்குச் சைமா தன்னை ஒளிக்காமல் காட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய சாலைகளுக்கு அந்தத் தேசத்தில் பஞ்சமே இல்லை. அரசாங்கம் நேரடியாகப் பராமரிக்கும் சாலைகள் சுமார் 78,000 கிலோமீட்டர். அவற்றிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாரைக் கண்டறியாதவை. ஆனால் தனியார் வசமுள்ள சாலைகளின் நீளத்தைக் கேட்டால் திகைப்பாக இருக்கும்: சுமார் 3,60,000 கிலோமீட்டர். ஜனத்தொகையோ 56 லட்சம். தலைக்கு அறுபது மீட்டருக்கு மேல் தனியார் சாலை வைத்துக்கொண்டு அந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுமல்லவா? பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே செய்வதில்லை என்பதுதான் பதில். அந்தச் சாலைகளில் கணிசமான பகுதி மனிதர்கள் போய்வருவதற்காகப் போடப்பட்டதல்ல. மரங்கள் காட்டைவிட்டு வெளியே வருவதற்காகப் போடப்பட்டது. மரம் வெட்டும் பருவமோ ஒரு காட்டுக்குப் பல பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் சாலை சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கும் காலத்தில்தான் நானும் ஒரு நண்பரும் அதன்மேல் போய்வந்தோம்.

இந்த மாதிரிச் சவாரிக்கென்றே இப்போது ஒரு தனிவகைச் சைக்கிள் உண்டு. பந்தயச் சைக்கிளைப்போல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், அதற்குச் சற்றும் பொருத்தமில்லாததுபோல் தோன்றும் தடித்த டயர்களும் கொண்ட அதைக் கிராவல் சைக்கிள் என்கிறார்கள். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நெடுந்தூரப் பந்தயம் இந்த விளையாட்டைப் பிரபலப்படுத்தியது. 2022 முதல் இதற்கு உலக சாம்பியன் பட்டமும் வந்துவிட்டது. எனக்குப் பந்தயத்தில் சிரத்தை கிடையாது. வண்டியைப் பற்றி என்னைக் கவர்ந்த சங்கதி டயர் ஒன்றுதான். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம். உள்ளே ட்யூப் கிடையாது. அதற்குப் பதிலாகப் பால்போன்ற ஒரு திரவம் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். கூரிய கல் குத்திவிட்டால் அந்தத் திரவம் துவாரத்தின் வழியே வெளியே பீறி வந்து, காற்றுப் பட்டதும் உறைந்து, தானே அடைத்துக்கொள்கிறது. சுல்காவா என்ற ஊருக்கு அருகே அப்படி ஒருமுறை நேர்ந்தபோது, டயரின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றியதைத் தவிர எங்களுக்கு வேறொரு சிரமமும் ஏற்படவில்லை.

என்னை இந்தப் பிரயாணத்துக்கு இழுத்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அந்த நண்பர்தான். பல வருஷங்களாக ஹெல்சிங்கியில் உத்தியோகம் பார்க்கிறவர். பின்னிஷ் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டவர். வயதில் என்னைவிட இளையவராதலால், உலகத்தின் அந்த முனையிலும் என்னை ‘அண்ணாச்சி’ என்றே அழைக்கிறவர். கோடையின் பிற்பகுதியை அவரே தேர்ந்தெடுத்தார். ஜூன் மாதத்தில் சூரியன் அஸ்தமிப்பதாகப் பாவனை செய்வதோடு சரி. ஆனால் கொசுக்களின் ராஜ்யமும் அப்போதுதான். ஜூலை முடியும் தறுவாயில் இரவு என்று ஒன்று லேசாகத் தலைகாட்டுகிறது, கொசுவின் உக்கிரம் தணிகிறது, காட்டில் அவுரிநெல்லிப் பழமும் பழுத்துவிடுகிறது.

பாரிக்கலா சந்திப்பில் பெரிய ரயிலைவிட்டு இறங்கி, சவோன்லின்னாவுக்குப் போகும் ஒற்றைப் பெட்டி ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, வழியில் புங்காஹர்யுவில் இறங்கினோம். அங்கே புருவேசி, பிஹ்லயாவேசி என்ற இரு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே, ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு பாம்புபோல் நெளிந்து செல்கிறது. நம் ஊர்ப் பெரிய ஏரி ஒன்றின் கரைமேல் மாலையில் நடப்பதாகவும், அந்தக் கரைக்கு ஒருபுறம் மட்டுமன்றி இருபுறமும் தண்ணீர் நிற்பதாகவும், கரைமீது பனைகளுக்குப் பதிலாகச் செந்நிறத் தண்டுடைய பைன் மரங்கள் நெடிதுயர்ந்து நிற்பதாகவும் கற்பனை செய்துகொண்டால் புங்காஹர்யு ஓரளவு மனக்கண்ணில் தோன்றும். சில இடங்களில் மேட்டின் உச்சி சாலையின் அகலத்துக்குமேல் இல்லை. இதன்மீது செல்லும் பழைய பாதை, சவோன்லின்னாவிலுள்ள ஒலாவின்லின்னா கோட்டையையும் வீபோர்க் பட்டணத்தையும் இணைத்த புராதன மார்க்கம். 1803-இல் இவ்வழியே வந்த ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டர் இதன் அழகில் மயங்கி, இங்கே மரங்களைச் சேதப்படுத்தலாகாது என்று கட்டளையிட்டதாகச் சொல்கிறார்கள். இப்போது கனரக வண்டிகளெல்லாம் பக்கத்து நெடுஞ்சாலையில் போய்விடுவதால், சக்கரவர்த்தி சென்ற பாதை சைக்கிளுக்கும் நடைக்கும் எஞ்சியிருக்கிறது.

இந்த மேட்டை உண்டாக்கியது மனிதக் கையல்ல. பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரையில் இந்தப் பிரதேசம் முழுவதும் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. பனிப்படலம் உருகிப் பின்வாங்கும்போது, அதன் அடிவயிற்றில் குகைபோன்ற சுரங்கங்களைக் குடைந்துகொண்டு ஆறுகள் ஓடின. அவை அடித்துவந்த மணலும் கூழாங்கல்லும் அந்தச் சுரங்கங்களுக்குள் படிந்தன. பனி முற்றிலும் கரைந்து மறைந்தபின் ஆற்றின் படுகை மட்டும் மேடாக நின்றுவிட்டது. ஆகவே புங்காஹர்யுவின் உச்சியில் செல்கிறவன், மலைமேல் செல்வதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் மறைந்துபோன ஒரு நதியின் தரையில்தான் சென்றுகொண்டிருக்கிறான். இன்னும் தெற்கே, பனிப்படலம் பின்வாங்காமல் நெடுங்காலம் தயங்கி நின்ற இடத்தில், சல்பாவுஸ்செல்கா என்னும் நீண்ட மண்தொடர்கள் தேசத்தின் குறுக்கே உருவாயின. சைமாவின் தண்ணீரைத் தெற்குப் பக்கம் அணைகட்டித் தேக்கிவைத்திருப்பவை அவைதாம். பனியின் பாரம் நீங்கிய நிலம், வடமேற்கில் அதிகமாகவும் தென்கிழக்கில் குறைவாகவும் எழும்பியதால், ஏரி முழுவதும் தட்டைச் சாய்த்ததுபோல் தெற்கே சாய்ந்து, சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இமாத்ரா அருகே அந்த அணையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. அப்படிப் பிறந்த நதிதான் வுவோக்சி.

பூகர்ப்ப சாஸ்திரத்தில் ஊக்கமில்லாதவனுக்கும் இந்த விவரம் சக்கரத்தின் வழியே தெரிந்துவிடும். இத்தகைய மேடுகளிலிருந்து வெட்டியெடுத்த சரளையைத்தான் நெடுங்காலமாகச் சாலைகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். ஆற்றில் உருண்ட கல் ஆதலால் அது வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருக்கும். கல்லும் கல்லும் பற்றிக்கொள்ளாது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் கோலிக்குண்டுகளின்மேல் ஏறியதுபோல் வழுக்கப் பார்க்கும். அண்மைக் காலத்தில் போட்ட சாலைகளிலோ பாறையை இயந்திரத்தில் உடைத்த ஜல்லி. அதன் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாக நிற்கின்றன. சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், அந்தச் சாலை எந்தத் தலைமுறையில் போட்டது என்று ஒருவாறு ஊகித்துவிடலாம். முதல்நாள் மாலைக்குள் நான் அள்ளிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன்; சத்தமே சொல்லிவிடுகிறது. உருண்டைக் கல் கடகடக்கும், உடைகல் கரகரக்கும்.

புங்காஹர்யுவில் லுஸ்தோ என்ற பெயரில் பின்லாந்தின் வன அருங்காட்சியகம் இருக்கிறது, 1994-இல் திறந்தார்கள். காட்டுச் சாலைகளின் பூர்வோத்தரத்தை அறிய விரும்புகிறவன் முதலில் அங்கே சில மணி நேரம் செலவிடுவது நலம். ஒரு காலத்தில் இங்கே மரம் வெட்டுவது பனிக்காலத்து வேலை. உறைந்த தரையில் குதிரைகள் மரத்தை இழுத்து நீர்க்கரையில் சேர்க்கும். வசந்தத்தில் பனி உருகியதும் ஆறும் ஏரியும் அதைச் சுமந்து ஆலைகளுக்குக் கொண்டுபோகும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு லாரிகள் பெருகியபோதுதான், தண்ணீர் எட்டாத காடுகளுக்குள்ளும் சாலைகள் நுழையத் தொடங்கின. அரசாங்கமும் பொருளுதவி செய்தது. அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் காட்டின் மூலைமுடுக்கெல்லாம் வலைபோல் சாலை பரவிவிட்டது. ஆனாலும் சைமாவில் மரம் மிதக்கவிடும் தொழில் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கட்டுக் கட்டாகப் பிணைத்த மரங்களை ஓர் இழுவைப் படகு, நடக்கும் மனிதனின் வேகத்துக்குமேல் போகாமல், நெடுந்தூரம் இழுத்துச் செல்வதை இன்றும் காணலாம்.

சவோன்லின்னாவுக்குப் போகும் வழியில் பார்த்த கெரிமாக்கி தேவாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது தகாது. சிறிய ஒரு கிராமத்தின் நடுவே, 45 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் உள்ள, முழுவதும் மரத்தாலேயே எழுப்பிய ஒரு பிரம்மாண்டமான கட்டடம். 1847-இல் கட்டி முடித்தது. மூவாயிரத்துக்கும் அதிகமான பேர் உட்காரலாம். உலகத்தின் மரத்தாலான தேவாலயங்களில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். வரைபடத்தில் இருந்த அளவைத் தச்சர்கள் தவறாகப் படித்துவிட்டதால்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று ஒரு வேடிக்கைக் கதையும் ஊரில் உலவுகிறது, நம்பத் தகுந்ததல்ல. சுற்றிலும் இவ்வளவு காடு இருக்கும்போது தச்சன் அளவுக்கு அஞ்ச வேண்டிய அவசியம் என்ன? சவோன்லின்னாவில் 1475-ஆம் ஆண்டில் அஸ்திவாரமிட்ட ஒலாவின்லின்னா கோட்டையையும், அதன் முற்றத்தில் கோடைதோறும் நடக்கும் சங்கீத நாடக விழாவுக்குத் திரண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தோம். கோட்டை அழகானதுதான். ஆனால் நாங்கள் வந்தது கூட்டத்துக்காக அல்லவாதலால், சந்தைத் திடலில் பிறைவடிவில் மடித்துப் பொரித்த லோர்ட்சி என்னும் பலகாரத்தை, நண்பர் இறைச்சி வைத்ததும் நான் ஆப்பிள் வைத்ததுமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தெற்கு நோக்கிக் கிளம்பிவிட்டோம்.

சவோன்லின்னாவுக்கும் சுல்காவாவுக்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு விலகி, வரைபடத்தில் மயிரிழைபோல் காணும் கோடுகளையே பிடித்துக்கொண்டு சென்றோம். அந்த நாட்டு நில அளவைத் துறை தன் வரைபடங்களை 2012 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விட்டுவிட்டது. ஒவ்வொரு குட்டையும், ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும், சதுப்பு நிலத்தில் வெட்டிய ஒவ்வொரு வாய்க்காலும் அதில் இருக்கிறது. அப்படியும் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்கவேண்டும். காட்டுச் சாலைகளில் அநேகம் ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைப்பவையல்ல. காட்டின் நடுவே போய், லாரி திரும்புவதற்கான ஒரு வட்டத்தோடு முடிந்துபோகிறவை. மரத்துக்கு அப்பால் போகவேண்டிய ஊர் எது? ஆகையால் பிரயாணத்தைத் திட்டமிடும் கலை என்பது, ஒரு சாலையின் முடிவுவட்டத்துக்கும் அடுத்த சாலையின் முடிவுவட்டத்துக்கும் இடையில், மரம் இழுக்கும் இயந்திரம் எப்போதோ போட்டுவைத்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பதே. அந்த ஐந்நூறு, அறுநூறு மீட்டர் தூரத்தில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, முழங்கால் உயரச் செடிகளுக்கும் வெட்டுண்ட கிளைகளுக்கும் நடுவே நடந்தாக வேண்டும். நண்பர் அதை மிகவும் ரசித்தார். நான் ரசித்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சாலை கைக்கு வந்துவிட்டால் அதன் சுகமே தனி. நான்கு மீட்டர் அகலம். இருபுறமும் ஒரு சிறிய வாய்க்கால். சக்கரம் பட்ட இரு தடங்களுக்கு நடுவே புல் முளைத்த ஒரு வரி. புல் எவ்வளவு உயரமோ, வண்டி வந்து அவ்வளவு காலமாயிற்று என்று கணக்கு. காலை முழுவதும் மிதித்தும் எதிரே ஒரு மோட்டார் வாகனமும் வராமலிருந்த அந்தச் சாலைகளைப் பொறியாளர்கள் 76 டன் எடையுள்ள லாரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அமைக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, யானை வருமென்று அகலமாக வைத்த வாசலில் இரண்டு எறும்புகள் நுழைகிற விநோதத்தை நான் உணராமல் இல்லை. நிலம் சமதரையுமல்ல, பாறை முதுகுகள் அடிக்கடி குறுக்கிடுவதால், ஒவ்வொரு அரைக் கிலோமீட்டருக்கும் ஒரு சிறிய, ஆனால் செங்குத்தான ஏற்றம் வந்து மூச்சை வாங்கும். மேட்டில் வறண்ட மண்ணில் பைன். பள்ளத்து ஈரத்தில் ஸ்ப்ரூஸ். நீர் அருகில் பூர்ச்ச மரம். இந்த வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வளைவுகளில் நான் பழக்கத்தினால் மணியடித்துக்கொண்டே வந்தேன்.

“மணி எதுக்கு அண்ணாச்சி? கேக்கிறதுக்கு ஆளு வேணும்லா?” என்றார் நண்பர்.

ஒருநாள் பிற்பகலில் அப்படி ஒரு வளைவு திரும்பியதும் காடு திடீரென்று இல்லாமல் போயிற்று. பல ஏக்கர் பரப்புக்கு எல்லா மரங்களையும் ஒருசேர வெட்டியிருந்தார்கள். வெட்டுண்ட கட்டைகள், காய்ந்த கிளைகளின் குவியல்கள், உழுததுபோல் கீறிய கறுப்பு மண், அதில் விரல் நீளத்துக்கு நட்டுவைத்த நாற்றுக்கள். அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக, தலையில்லாத தூண்கள்போல் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டி நிறுத்திவைத்த மரத்தண்டுகள். மரங்கொத்திக்கும் வண்டினங்களுக்கும் உளுத்த மரம் வேண்டுமே என்பதற்காக வேண்டுமென்றே விட்டுவைக்கும் மொட்டைத் தண்டுகள் அவை. ஒன்றின் அருகில் போய்ப் பார்த்தேன். பட்டை உரிந்த பகுதியில் பிசின் வழிந்து தேன்நிறத்தில் இறுகியிருந்தது. ஏதோ ஒரு வண்டு அதற்குள் துளையிட்டு வெளியேற்றிய மரத்தூள் அடியில் மாவுபோல் குவிந்திருந்தது. சாலையோரத்தில் வெட்டிய மரங்கள் ஒரு வீட்டின் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. எரிபொருளுக்கென்று ஒதுக்கிய கிளைக் குவியலின்மேல் மழை படாதிருக்கப் பழுப்புக் காகிதம் போர்த்தியிருந்தார்கள்.

காட்டு மார்க்கங்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சாதாரணமாக இந்தக் காட்சியை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு; அந்தக் காட்டில் சுமார் அறுபது சதவீதம் சாதாரணக் குடும்பங்களின் சொத்து. தென்பகுதியில் மனிதக் கை படாத ஆதி வனம் மிகவும் சொற்பம். நாம் ஏகாந்தம் என்று எண்ணி மெய்மறந்து செல்லும் வனத்தில் பெரும்பகுதி, தாத்தா நட்டுப் பேரன் அறுவடை செய்யும் பயிர். அறுவடை இல்லையென்றால் சாலை இல்லை. சாலை இல்லையென்றால் என்னைப்போன்றவனுக்கு அங்கே நுழைவில்லை. வெட்டிய இடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் தான் செல்லும் பாதையின் விலையைப் பார்க்க மறுக்கிறான். இப்படி ஒருசேர வெட்டுவது சரிதானா என்பதில் அந்த நாட்டிலேயே பலத்த வாதப் பிரதிவாதம் நடக்கிறது. பத்து மரத்துக்கு இரண்டு மூன்றாகத் தேர்ந்து வெட்டி, காட்டைக் காடாகவே வைத்திருக்கலாம் என்கிறவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அது விருந்தாளியின் மனம் என்பதும் எனக்குத் தெரியும்.

சுல்காவாவை நெருங்கும்போது ஒரு முச்சந்தியில் தபால்பெட்டிகள் வரிசையாக நின்றன. வீடுகள் எங்கும் கண்ணுக்குப் புலப்படவில்லை. எல்லா வீடுகளும் காட்டுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்க, பெட்டிகள் மட்டும் சாலைமுனையில் கூடி நின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்களைக் கண்டதும் நின்றார். எந்த ஊர், எந்தத் தேசம் என்று அவர் கேட்கவில்லை. “சாலை எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். நண்பர் மொழிபெயர்த்தார். நன்றாக இருக்கிறது என்றோம். வடக்கே ஓர் இறக்கத்தில் மட்டும், துணிதுவைக்கும் பலகைபோல் குறுக்கே அலையலையாக வரி விழுந்திருக்கிறது என்று நண்பர் சேர்த்துக்கொண்டார். முதியவர் தலையசைத்தார். அதை அவர் அறிவார். சமன்செய்யும் இயந்திரம் அடுத்த வாரம் வரப்போகிறது. அந்தச் சாலையின் பங்குதாரர் சங்கத்துக்கு அவர்தான் காரியஸ்தர் என்பது அப்புறம் தெரிந்தது.

சாலைக்குச் சங்கமா என்று ஆச்சரியப்பட்ட எனக்கு அவர் நிதானமாக விளக்கினார். சாலையால் பயன் பெறும் நிலக்காரர்கள் எல்லாரும் அதன் பங்குதாரர்கள். ஆண்டுக்கொருமுறை கூடி, எங்கே சரளை கொட்டுவது, எந்தக் குழாய்மதகை மாற்றுவது, எவ்வளவு வசூலிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். செலவை எல்லார் தலையிலும் சமமாகச் சுமத்துவதில்லை. வருஷம் முழுவதும் அங்கேயே குடியிருக்கிறவனுக்கு ஒரு கணக்கு, கோடையில் மட்டும் வந்து தங்குகிறவனுக்கு ஒரு கணக்கு, காடு வைத்திருக்கிறவனுக்கு அவன் மரம் எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் அந்தச் சாலையில் போகும் என்பதைப் பொறுத்து ஒரு கணக்கு. பழைய சட்டத்தைப் புதுப்பித்து 2019 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் இந்த அடிப்படையையே வைத்துக்கொண்டிருக்கிறது. அரசாங்கத்திடமோ நகராட்சியிடமோ மானியம் பெற்ற சாலையை வெளியார் வாகனங்களுக்கு அடைக்கக்கூடாது. பெறாத சாலையில் மோட்டார் வாகனங்களைத் தடுக்கலாம், ஆனால் நடக்கிறவனையும் சைக்கிளில் போகிறவனையும் தடுக்க வழியில்லை. வசந்தத்தில் உறைபனி இளகித் தரை கூழாகும் சில வாரங்கள்தான் காரியஸ்தருக்குக் கவலை தரும் காலமாம். அப்போது ஒரே ஒரு லாரி போனாலும் ஒரு வருஷத்து உழைப்பு நாசம்.

“நாங்க போறதுக்கு ஏதாச்சும் கட்டணுமான்னு கேட்டேன் அண்ணாச்சி” என்றார் நண்பர், சிரித்துக்கொண்டு. “சைக்கிளு சாலையைத் தேய்க்காது, போங்கன்னுட்டாரு.”

பிறருடைய காட்டில் எவரும் நடக்கலாம், சைக்கிளில் செல்லலாம், பனிச்சறுக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம் என்னும் சம்பிரதாயம் அந்த நாட்டில் சட்டத்துக்கு நிகரான மரியாதை பெற்றது. வீட்டு முற்றத்தை நெருங்கலாகாது, விளைநிலத்தை மிதிக்கலாகாது, சொந்தக்காரர் சம்மதமின்றித் தீ மூட்டலாகாது, பாசியைப் பெயர்த்தெடுக்கலாகாது. இவ்வளவுதான் வரம்பு. சாலையோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நாக்கும் விரல்களும் நீலமாகும்வரை அவுரிநெல்லிப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தபோது இதைவிட உயர்ந்த ஏற்பாடு உலகத்தில் உண்டா என்றே எனக்குத் தோன்றியது. ஆயினும் அதே உரிமையை நம்பி, வியாபாரத்துக்காகப் பழம் பறிக்கக் கோடைதோறும் தாய்லாந்திலிருந்து ஏழைக் குடியானவர்களைத் தருவித்து, அவர்களை வஞ்சித்ததாக அண்மை ஆண்டுகளில் வழக்குகள் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன என்று நண்பர் சொன்னபோது வாயிலிருந்த பழம் சற்றுப் புளிக்கத்தான் செய்தது. காடு எல்லாருக்கும் திறந்திருப்பது வேறு, காட்டில் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பது வேறு.

இரவுகளில், முன்பக்கம் திறந்த மரக்குடில்களில் தங்கினோம். ஊராட்சியார் கட்டிவைத்திருக்கும் இத்தகைய குடில்கள் ஏரிக்கரைகளில் ஆங்காங்கே உண்டு. எதிரே அடுப்பு, பக்கத்தில் விறகுக் கொட்டகை, அதில் ஒரு கோடரி. அடுத்து வருகிறவனுக்காகக் கொஞ்சம் சுள்ளி சீவிவைத்துவிட்டுப் போவது மரியாதை. பிஹ்லயாவேசியின் ஒரு கரையில் தங்கிய இரவு, தண்ணீரில் ஒரு தலை எழும்பும் என்று நெடுநேரம் காத்திருந்தேன். நான் எதிர்பார்த்தது சைமாவுக்கே உரிய சீல். பனியுகத்துக்குப் பின் நிலம் உயர்ந்து கடலோடு தொடர்பு அறுந்துபோன காலத்தில் இந்த ஏரிக்குள் சிக்கிக்கொண்ட இனம் அது. உலகில் வேறெங்கும் இல்லை. 1980-களில் இருநூறுக்கும் கீழே இறங்கிவிட்ட அதன் எண்ணிக்கை, வசந்தகாலத்தில் வலைவீச்சைத் தடுத்ததாலும் பிற முயற்சிகளாலும் இப்போது ஐந்நூறை ஒட்டி ஏறியிருக்கிறது. பனிக்குவியலைக் குடைந்து அதற்குள் குட்டிபோடும் பிராணியாதலால், பனி போதாத வருஷங்களில் தொண்டர்கள் உறைந்த ஏரியின்மேல் மண்வாரியோடு போய்ப் பனியைக் குவித்துக்கொடுக்கிறார்களாம். சீல் எதுவும் தென்படவில்லை. நீர்ப்பறவை ஒன்று மட்டும் தொலைவில் ஊளையிடுவதுபோல் கூவிக்கொண்டிருந்தது.

பூமாலா என்னும் ஊரைச் சுற்றி, தீவுக்குத் தீவு தாவிச் செல்லும் சுமார் அறுபது கிலோமீட்டர் வட்டப்பாதை ஒன்றைச் சைக்கிள்காரர்களுக்கென்றே வகுத்திருக்கிறார்கள். ஊர் முகப்பில் ஏரியின் நீர்வழிக்கு மேலே 1995-இல் கட்டிய உயரமான பாலம். கரையிலிருந்து பாலத்தின் உச்சிக்கு ஏறிப்போக ஒரு லிஃப்டும் வைத்திருக்கிறார்கள். வட்டப்பாதையில் ஹாத்தின்விர்த்தா என்னுமிடத்தில் பாலம் கிடையாது. மஞ்சள் வர்ணமடித்த ஒரு மிதவை, கரைக்கும் கரைக்கும் போய்வருகிறது. கட்டணம் இல்லை, சட்டப்படி அந்த மிதவையும் சாலையின் ஒரு பாகம்தான். நாங்கள் போய் நின்றபோது எங்களுக்கு முன்னால் ஒரு மர லாரி காத்திருந்தது. அத்தனை தூரம் காட்டுச் சாலைகளில் வந்தும் நேருக்கு நேராகச் சந்தித்திராத அந்தப் பிரகிருதியை அங்கேதான் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. பாரம் முழுவதும் பைன். அடிமுனைகளில் வெட்டு இன்னும் ஈரமாக, பிசின் மணத்தோடு இருந்தது. நடுத்தரமான ஒரு தண்டின் வளையங்களை நண்பர் விரல்நுனியால் எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியபின் மிதவை கரையைத் தொட்டுவிட்டதால் நிறுத்திக்கொண்டார்.

மறுகரையில் தார் சிறிது தூரம்தான். அப்புறம் மறுபடி சரளை. லாரி ஓட்டுநர், சைக்கிள்கள் முந்திப் போகட்டும் என்று கையைக் காட்டினார்.

“வேண்டாம் அண்ணாச்சி, அவரு முன்னால போகட்டும். அவருக்காகப் போட்ட ரோடுதானே?” என்று நண்பர் ஒதுங்கி நின்றார். லாரி கிளப்பிய புழுதி அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகு நாங்களும் ஏறி மிதித்து, ஏற்றங்களை நண்பர் சபித்துக்கொண்டும் நான் எண்ணிக்கொண்டும், பூமாலாத் துறைமுகத்துக் கடைக்கு வந்துசேரும்போது பசி உச்சத்தில் இருந்தது. ரை மாவில் புரட்டி வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த முய்க்கு மீன், தலையோடும் வாலோடும் ஒரு தட்டு நிறைய வந்தது. நண்பர் இரண்டாவது தட்டுக்கும் சொல்லிவிட்டார்.